செவத்திக்கு கியர் விழல

அத்தியாயம் 9

எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்கள்ல, ஒரு காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் நடுவுல இருக்குற சுவரு கூரை வரைக்கும் போகாது. பக்கத்துல யாரு தும்முனாலும் நான் இங்க இருந்தே "நூறு"ன்னு சொல்லிடுவேன். ஒட்டுக்கேக்குற பழக்கம்லாம் எனக்குக் கெடையாது, காதைக் கழட்டி வைக்க முடியல, அவ்வளவுதான்.

ஆனா இந்தத் தை மாசம் பூரா அந்தப் பக்கம் இருந்து ஒரு சத்தமும் இல்ல. மீனம்மா மதினி புருசன் ஆண்டியப்பன் அண்ணேகூடப் பேசுறத நிப்பாட்டிட்டாங்க.

ஏன்னு போன வாரம் வரைக்கும் என்கூட வந்தவங்களுக்குத் தெரியும். புதுசா வந்து உக்காந்தவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடுறேன், மத்தவங்க அதுக்குள்ள அடுப்பைப் பாத்துட்டு வந்துடுங்க.

ஆண்டியப்பன் அண்ணே எங்க தோட்டத்துல டிரைவரா இருந்தவரு. வேலைய விட்டு நின்னப்போ, தான் ஓட்டி, தோட்டம் கழிச்சுப் போட்ட ஒரு பழைய சிவப்பு ட்ரெக்டரை ஏலத்துல எடுத்தாரு. அதுக்கு செவத்தின்னு பேரு வச்சது மதினி. ராகலைப் பக்கம் மரக்கறி போடுறவங்களுக்கு உரம் ஏத்த, லீக்ஸ் இறக்கன்னு செவத்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அண்ணேக்கு முழங்கால் போனதும், மக பூரணி கட்டுநாயக்கா கார்மென்ட்ஸுல தைச்சுக்கிட்டு இருந்த வேலைய விட்டுட்டு, "இனிமே செவத்திய நான் ஓட்டுறேன்"னு பையோட வந்து இறங்குனா. மதினிக்குத் தலைகால் புரியல. லைசென்ஸும் எடுத்தாச்சு.

மழைக்காலம் பூரா கொட்டகையில நின்ன செவத்தியத் தைப்பொங்கல் முடிஞ்சு வெளிய எடுக்கப் போனா, எஞ்சின் ஓடுது, கியர் விழல. கியர்த் தடியத் தள்ளுனா கர்ர்ர்னு ஒரு சத்தம், லயத்து நாயெல்லாம் ஊளையிடுது.

அண்ணே உடனே தீர்ப்புச் சொல்லிட்டாரு. "ஆயுத பூஜை அன்னைக்கு இவ மேல ஏறி உக்காந்து, பெடலை மிதிச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்தாள்ல. பொம்பளப்புள்ள கால் வச்சா வண்டி எப்படி ஓடும்?"

மதினி அன்னைக்கு மூடுன வாய்தான். அந்தக் கடுப்புல அண்ணே நேரா ராகலைக்குப் போயி, பழைய இரும்பு எடுக்குற ஸுஹைர் நானாகிட்ட, "ஓடாத வண்டி ஒண்ணு கெடக்கு, தூக்கிட்டுப் போங்க"ன்னு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டாரு. செவத்தி போனா பூரணிக்கு இங்க என்ன வேலை? அவளும் துணிமணிய மடிச்சு வச்சுட்டா.

இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் போற நாளு. மத்தியானம் லொறியில செவத்தி, அது போன கையோட மத்தியான பஸ்ஸுல பூரணி.

விடியக்காலையில மதினி கோழிக்கூட்டுக்கு முன்னாடி குந்தியிருந்தாங்க. கதவுக்கு ஒரு கம்பை முட்டுக் குடுத்து, கோழிகளை உள்ளயே வச்சுத் தீனி போட்டாங்க. அது என்னால வந்த ஏற்பாடு. என் லீக்ஸ் பாத்தியக் கிளறுதுங்கன்னு நான் போட்ட சண்டையில இருந்து அதுங்களுக்குப் பகல்லயும் சிறைதான்.

"ஏ செவல, பெரியவருகிட்டச் சொல்லு. ரொட்டி ஆறுது" அப்படின்னாங்க மதினி, கோழியப் பாத்து.

அண்ணே வீட்டுக்கு முன்னால இஸ்தோப்புல இருந்து, "எனக்குப் பசிக்கலன்னு சொல்லு செவல" அப்படின்னாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயி ரொட்டிய எடுத்துக்கிட்டாரு.

பூரணி பையைக் கொண்டுவந்து இஸ்தோப்புல வச்சா. அப்பாவோட பழைய சட்டை ஒண்ண மேல மாட்டிக்கிட்டு, சாவி, ஸ்பேனரு, டோர்ச் எல்லாம் எடுத்தா.

"எங்கடி போற?"ன்னேன்.

"செவத்திகிட்ட, அத்தை. போறதுக்கு முன்னாடி அதுக்கு என்னதான் வருத்தம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன். டோர்ச் பிடிக்க வாறீங்களா?"

எனக்குக் கிளச்சும் தெரியாது, கியரும் தெரியாது. ஆனா அந்தப் புள்ள குரல்ல ஒரு கரகரப்பு இருந்துச்சு பாருங்க, அரிசியக் களையாமப் போட்டுட்டுப் போயிட்டேன்.

செவத்தி கொட்டகையில நின்னா. மூஞ்சியில ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு காஞ்சு ஒட்டியிருக்கு, கழுத்துல சருகாப் போன மாலை. இவ்வளவு அலங்காரத்தோட இரும்புக்கடைக்குப் போறத நெனச்சா எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அண்ணே ஒரு பக்கெட்டைக் கவுத்துப் போட்டு வாசல்ல உக்காந்துக்கிட்டாரு. "நான் பாக்காததையா இவ பாத்துடப் போறா?"

பூரணி அதைக் காதுல வாங்கல. "இங்க பாருங்க அத்தை. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவுல இருக்குறதுதான் கிளச்சு. பெடலை மிதிச்சா ரெண்டும் பிரியணும். பிரிஞ்சாத்தான் கியர் விழும்."

எஞ்சினை ஓட்டாம கியரைப் போட்டா. வெண்ணையில கத்தி விட்ட மாதிரி விழுந்துச்சு. எஞ்சினை ஓட்டிட்டுப் போட்டா. கர்ர்ர். நாய் ஊளை.

"கியர் பெட்டி நல்லாருக்கு. கிளச்சுதான் பிரிய மாட்டேங்குது."

"அட்ஜஸ்ட்மென்ட்லாம் நான் பண்ணியாச்சு!"ன்னு வாசல்ல இருந்து சத்தம்.

பூரணி பெடலைக் கையால அமுக்கிப் பாத்தா. "பண்ணிருக்கீங்க. நட்டைக் கடைசி வரைக்கும் திருகி வச்சிருக்கீங்க. பெடல் கல்லு மாதிரி கெடக்கு, கொஞ்சம்கூட ஆட்டம் இல்ல. இப்படித் திருகுனா உள்ள இருக்குற பேரிங் தேஞ்சுடும்பா."

பூரணி அந்த நட்டைத் தளர்த்தி, பழைய கணக்குக்குக் கொண்டுவந்துட்டு, வண்டிக்கு அடியில சாக்கை விரிச்சுப் படுத்துட்டா. கிளச்சு மூடியில ஒரு சின்னக் கதவு இருக்கு, அதைக் கழட்டி நான் டோர்ச் அடிக்கணும். ஆனா மேல ஒரு ஆளு பெடலை மிதிக்கணுமே.

அண்ணே முழங்காலைத் தடவிக்கிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள, மதினி வந்துட்டாங்க. சேலைய இழுத்துச் செருகிட்டு, ஒரே தாவுல ஏறி சீட்டுல உக்காந்தாங்க.

"ஐயையோ, இன்னொன்னா!"ன்னு அண்ணே தலையில கைய வச்சாரு.

மதினி கொட்டகைக் கூரையப் பாத்துச் சொன்னாங்க. "யாருக்கோ சொல்றேன். இது கொழுந்து எடுக்க மலை மலையா ஏறி இறங்குன காலு. இது பட்டு ஒரு இரும்பும் கரைஞ்சு போகாது."

மதினி மிதிச்சாங்க. கீழ இருந்து பூரணி கத்துறா. "விரல் மாதிரி மூணு இருக்கு, நல்லா அமுங்குது! இன்னொரு தடவை மிதிங்கம்மா! பெடல்ல குத்தம் இல்ல, ராடுல குத்தம் இல்ல!"

வெளிய வந்து கியரைப் போட்டா, எஞ்சினை ஓட்டல. "அம்மா, பெடலை விடாதீங்க. இப்ப எல்லாரும் தள்ளுங்க. கிளச்சு பிரிஞ்சுருந்தா கியர்ல இருந்தாலும் வண்டி உருளணும்."

நான் ஒரு சக்கரம், பூரணி ஒரு சக்கரம். அண்ணேயும் பொறுக்க மாட்டாம வந்து நடுவுல தோளைக் குடுத்தாரு. மூணு பேரும் மூச்சுப் பிடிச்சுத் தள்ளுனோம். என் முதுகுல ஒரு சொடக்குச் சத்தம் கேட்டதே தவிர, செவத்தி அசையல.

அண்ணே நிமிந்தாரு. அவரு முகம் மாறிடுச்சு. இவ்வளவு நாளா கண்ணூறு, கால் தோஷம்னு பேசிக்கிட்டு இருந்த மனுசன், அப்பத்தான் டிரைவராப் பேசுனாரு.

"கிளச்சுத் தட்டு ஒட்டிப் போச்சு. ஈரத்துல துருப்பிடிச்சு எஞ்சின் சக்கரத்தோட ஒட்டிக்கிச்சு. அதான் மிதிச்சாலும் பிரியல."

"சரிப்பா. ஒவ்வொரு வருசமும் மழைக்கு நிப்பாட்டித்தானே வைப்பீங்க? அப்பல்லாம் ஏன் ஒட்டல?"

"அப்பல்லாம் பெடலை அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல கம்பை முட்டுக் குடுத்து வைப்பேன்ல. தட்டு பிரிஞ்சே நிக்கும், எப்படி ஒட்டும்?"

"இந்த மழைக்கு அந்தக் கம்பு எங்கப்பா?"

அண்ணே சீட்டுக்கு அடியில பாத்தாரு. கொட்டகை மூலையில பாத்தாரு. பக்கெட்டுக்கு அடியிலயும் பாத்தாரு.

மதினி வண்டிய விட்டு இறங்குனாங்க. நேரா கோழிக்கூட்டுக்குப் போனாங்க. கதவுக்கு முட்டுக் குடுத்திருந்த கம்பை உருவி, கொண்டுவந்து அண்ணே காலடியில போட்டாங்க. கொய்யாக் கம்பு. ஒரு முனையில பெடல் உக்காருறதுக்குச் செதுக்குன பள்ளம், அதுல கறுப்புக் கிரீஸ்.

கோழிகளுக்கு இன்னைக்கு விடுதலை. எல்லாம் என் லீக்ஸ் பாத்திக்குத்தான் போச்சுங்க. அதைப் பாக்குற நேரமா அது?

"இதை எங்க எடுத்தீங்கம்மா?"

"ஆயுத பூஜை அன்னைக்குக் கொட்டகைக்குப் பின்னால கெடந்துச்சு. யாரோ வீசியிருந்தாங்க. நல்ல கம்பா இருக்கேன்னு எடுத்துக்கிட்டேன்."

யாரோவாம். எங்க எல்லாருக்கும் அண்ணே முகத்தைப் பாத்தாப் போதும்.

"நான்தான் எடுத்தேன்"னாரு, தரையப் பாத்து. "குளிப்பாட்டி, பொட்டு வச்சு, மாலை போட்டு எல்லாம் முடிச்சுட்டுப் பாக்குறேன், நடுவுல ஒரு அழுக்குக் கம்பு நிக்குது. அம்மாள் படத்துக்கு முன்னாடி இந்தக் கோலத்துலயா நிக்கிறதுன்னு உருவி வீசிட்டேன். பூஜையில வச்ச சாமானை அன்னைக்குத் தொடக் கூடாதுல்ல, மறுநாள் மாட்டிக்கலாம்னு விட்டேன். மறுநாள் பெருமழை பிடிச்சுக்கிச்சு. மண்சரிவு, பாதை அடைப்பு. எனக்கு நெனப்பே இல்லாமப் போச்சு."

"அப்ப புள்ள கால் வச்சதுனால இல்லயா?"ன்னேன். என் வாய் சும்மா இருக்காது.

"நீ டோர்ச்சைப் பிடி ஜீவராணி"ன்னாரு.

பூரணி கண்ணு கலங்கி நின்னா. இவ்வளவு நாளும் தன் காலையே தான் வெறுத்துக்கிட்டு இருந்த புள்ள அது. அழுவாளோன்னு பாத்தேன். மூக்கைச் சட்டைக் கையில தொடச்சுட்டு, "தப்பு யாருதுங்கிறத அப்புறம் பேசலாம். ஒட்டுனதைப் பிரிக்க வழி இருக்கா, அதைச் சொல்லுங்க" அப்படின்னா.

"இருக்கு. எஞ்சினை நல்லாச் சூடாக்கணும். அணைச்சு, கியரைப் போட்டு, பெடலை அமுக்குனபடியே ஸ்டார்ட் பண்ணணும். வண்டி தாவிக்கிட்டுப் போகும். போறப்பவே பிரேக்கை அடிக்கணும். எஞ்சின் ஒரு பக்கம் இழுக்கும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், ஒட்டுனது பிச்சுக்கிட்டு வந்துடும். நான் ஓட்டுறேன், தள்ளு."

"இந்த முழங்காலை வச்சுக்கிட்டா?"

அண்ணே ஒதுங்கி நின்னாரு. பூரணி ஏறிட்டா. கொய்யாக் கம்பு திரும்பத் தன் இடத்துக்குப் போச்சு, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல. அது துள்ளி விழுந்துடக் கூடாதுன்னு மதினி மட்கார்டு மேல ஏறி, ரெண்டு கையாலயும் கம்பைப் பிடிச்சுக்கிட்டாங்க.

எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓடுச்சு. அணைச்சா. கியரைப் போட்டா. சாவியத் திருப்புனா.

செவத்தி ஒரே பாய்ச்சலா கொட்டகைய விட்டு வெளிய வந்தா. வாசல்ல கெடந்த பக்கெட்டு அப்பளமாப் போச்சு. லயத்துப் பாதையில தடதடன்னு இறங்குறா, பின்னால அண்ணே ஒரு கால நொண்டிக்கிட்டே ஓடுறாரு, அவருக்குப் பின்னால நான், எனக்குப் பின்னால என் லீக்ஸைத் தின்னு முடிச்ச கோழிங்க.

என் துணிக்கொடி பாதை ஓரமாத்தான் இருக்கு. காலையிலதான் துவைச்சுப் போட்ட பூப்போட்ட பெட்சீட்டு. புகைக்குழாய் அதை அப்படியே அள்ளிக்கிட்டுப் போச்சு. கோயில் திருவிழாவுக்குக் கொடியேத்துன மாதிரி செவத்தி போறா, நான் "என் பெட்சீட்டு! என் பெட்சீட்டு!"ன்னு கத்துறேன், ஒரு பாவியும் திரும்பிப் பாக்கல.

பூரணி பிரேக்கை அடிச்சா. வண்டி முக்கிச்சு, புகையக் கக்குச்சு, பிரியல. திரும்ப அடிச்சா. பிரியல. அந்த நேரம் பாத்து, கீழ் வளைவுல ஸுஹைர் நானாவோட லொறி மூக்கை நீட்டிக்கிட்டு மேல வருது. பாதை ஒரு வண்டிக்குத்தான் காணும். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம்.

பூரணி லொறிய விட்டுக் கண்ண எடுக்கல. மதினிதான் திரும்பிப் பாத்தாங்க. பாத்து, தோட்டமே கேக்குற மாதிரி கத்துனாங்க.

"ஏங்க! இதை எப்படிங்க நிப்பாட்டுறது?"

அண்ணே ஓட்டத்தை விட்டுட்டு அப்படியே நின்னுட்டாரு. "மீனா? என்கிட்டயா பேசுற?"

"இல்ல, உங்க பின்னாடி ஓடி வருதே கோழி, அதுகிட்ட! எப்படி நிப்பாட்டுறதுன்னு சொல்லித் தொலைங்க!"

"ரெண்டு பிரேக்கையும் சேத்து மிதிக்கச் சொல்லு! பாதி மிதி மிதிச்சுட்டு விடுறா! ஒண்ணை மட்டும் மிதிச்சாப் பெரட்டிடும்! ரெண்டு மேலயும் ஏறி நிக்கச் சொல்லு!"

பூரணி சீட்டை விட்டு எந்திரிச்சு, உடம்பு பாரம் மொத்தத்தையும், சக்கரத்துக்கு ஒண்ணா இருக்குற ரெண்டு பிரேக்கு மேலயும் இறக்குனா.

டணார்னு ஒரு சத்தம். நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். போச்சுடா, வண்டி ரெண்டாப் போச்சுன்னுதான் நெனச்சேன்.

கண்ணத் திறந்து பாத்தா, செவத்தி லொறிக்கு முன்னால, கைய நீட்டினா தொடுற தூரத்துல நிக்கிறா. நிக்கிறா, ஆனா எஞ்சின் ஓடுது! கியர்ல இருக்கு, பெடல் அமுங்கியிருக்கு, டுப் டுப் டுப்புன்னு அமைதியா ஓடுது. தட்டு பிரிஞ்சுடுச்சு!

பூரணி கியரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தா, திரும்பப் போட்டா, திரும்ப எடுத்தா. கர்ர்ர் இல்ல. நாயும் ஊளையிடல. "விழுது அப்பா! கியர் விழுது!"ன்னு சின்னப்புள்ள மாதிரி கத்துறா. மதினி கம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க. எனக்கும் கண்ணுல தண்ணி, பாதி சந்தோசம், பாதி பெட்சீட்டு.

ஸுஹைர் நானா லொறிய விட்டு இறங்கி வந்தாரு. செவத்தியச் சுத்தி வந்து, புகைக்குழாயில இருந்த என் பூவையெல்லாம் பாத்துட்டு, "மாஷா அல்லாஹ், இது ஓடுதே ஆண்டியப்பன் அண்ணே! நல்லதாப் போச்சு. இரும்புக்கு எதுக்கு உடைக்கணும்? ஓடுற வண்டியாவே கொண்டு போறேன். வாக்கு வாக்குதானே?" அப்படின்னாரு.

எங்க எல்லாருக்கும் சிரிப்பு அப்படியே அடங்கிப் போச்சு. ஆண்டியப்பன் அண்ணேயப் பத்தி ஒண்ணு சொல்லணும். மனுசன் என்ன பேசுனாலும் குடுத்த வாக்குல பின்வாங்குனதா சரித்திரமே இல்ல. அவரு திரும்பி, மேல இஸ்தோப்புல இருந்த மகளோட பையைப் பாத்தாரு. செவத்தியப் பாத்தாரு.

மதினி முந்தானையால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு மட்கார்டுல இருந்து இறங்குனாங்க.

"ஏங்க, நீங்க இந்த முதலாளிகிட்ட என்னா சொன்னீங்க? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"ஓடாத வண்டி ஒண்ணு கெடக்கு, தூக்கிட்டுப் போங்கன்னேன்."

"சரி. குடுத்த வாக்கைக் காப்பாத்துங்க." மதினி பாதைய மேலயும் கீழயும் பாத்தாங்க. "இங்க ஓடாத வண்டி எங்க கெடக்கு? இருந்தாக் காட்டுங்க, நானே ஒரு கை பிடிச்சுத் தூக்கி விடுறேன்."

ஸுஹைர் நானாவும் பாதைய மேலயும் கீழயும் பாத்தாரு. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சாரு பாருங்க, லொறியப் பிடிச்சுக்கிட்டு நின்னு சிரிச்சாரு. "அக்கா, நீங்க கோர்ட்டுல இருக்க வேண்டிய ஆளு. விட்டேன், விட்டேன்! ஆனா எனக்கு ஒரு உதவி. மேட்டுத் தோட்டத்துல லீக்ஸ் வாங்கிப் போட்டிருக்கேன், என் லொறி அங்க ஏறாது. நாளைக்குக் காலையில செவத்தி வருவாளா? டிரைவர் யாரு?"

"நான்தான்!"

அப்பனும் மகளும் ஒரே நேரத்துல சொன்னாங்க.

அண்ணே சீட்டுக்குப் பக்கத்துல போயி நின்னாரு. பூரணி இறங்கல. அவரு அவ காலைப் பாத்துக்கிட்டே, மெதுவாப் பேசுனாரு.

"உன் கால் பட்டுத்தான் வண்டி நின்னுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன். அது என் தப்பை மறைக்கச் சொன்னது இல்ல புள்ள, எனக்கே தெரியாமச் சொன்னது. ஆனாலும் சொன்னேன். இன்னைக்கு உன் கால் பட்டுத்தான் ஓடுது. இதையும் ஊரெல்லாம் நானே சொல்றேன்."

பூரணி ஸ்டீரிங்ல தலையச் சாய்ச்சுக்கிட்டா. தோள் குலுங்குச்சு. அண்ணே அவ முதுகைத் தட்டிக் குடுத்தாரு.

அதோட விட்டுருந்தா நல்லாருந்திருக்கும். விட்டாத்தானே.

"ஆனா நாளைக்கு நான்தான் ஓட்டுவேன். மேட்டுத் தோட்டத்துப் பாதை உனக்குப் பழக்கம் இல்ல."

பூரணி தலையத் தூக்குனா. "உங்க முழங்காலுக்குத்தான் கிளச்சு பழக்கம் விட்டுப் போச்சு!"

"யாருகிட்டடி பேசுற? நான் செவத்திய ஓட்டுறப்போ நீ பொறக்கவே இல்ல!"

"லைசென்ஸ் முடிஞ்சு போச்சுல்ல உங்களுக்கு? எடுத்துக் காட்டுங்க பாப்போம்!"

ஸுஹைர் நானா நடுவுல நின்னு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குறாரு. கீழ மெயின் ரோட்டுல பூரணி போக வேண்டிய மத்தியான பஸ் ஹோர்ன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. அவ அதைக் கேக்கவே இல்ல. இஸ்தோப்புல அவ பை அப்படியே கெடந்துச்சு, செவலக் கோழி அது மேல ஏறிச் சவுகரியமா உக்காந்துக்கிச்சு.

மதினி புகைக்குழாயில இருந்து என் பெட்சீட்டை உருவி, நடுவுல வட்டமா ஒரு கரி ஓட்டையோட என் கையில குடுத்தாங்க. அந்த ரெண்டு பேரையும் ஒரு தடவை பாத்தாங்க. ஒரு பெருமூச்சு விட்டாங்க.

"ஜீவராணி, நான் திரும்பப் பேச்சை நிப்பாட்டிடவா?"